மூன்று ஊர் வெயிலும் ஒரு மண்பானையும்

கல்யாணமாகி வேலூருக்குப் போன முதல் சித்திரையில், மத்தியானம் பன்னிரண்டரை மணிக்குக் கூடத்துச் சன்னல்கள் நான்கையும் விரியத் திறந்துவைத்தேன். நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது கைப்பழக்கம். வெளிப்பாளையத்தில் எங்கள் வீட்டில் அந்த நேரம் பார்த்துத்தான் கிழக்குப் பக்கத்துக் கதவைத் திறப்பார்கள். கடல் காற்று நேராகச் சமையலறை வரை வந்து போகும். வேலூரில் உள்ளே வந்தது செங்கல் சூளையின் மூச்சு. பின்கட்டிலிருந்து ஓடிவந்த மாமியார், ஒவ்வொரு சன்னலாகச் சாத்திக்கொண்டே சொன்னார்: "காலையிலிருந்து அனல் வராமல் அடைத்து வைத்திருக்கிறேன். நீ கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டாயே!"

அது 2009. ஒன்பது வருடம் வேலூர், பிறகு கணவரின் மாற்றலோடு 2018 முதல் 2022 வரை டெல்லி, இப்போது சென்னை. இத்தனை ஊர் மாறியதில் ஒரு கேள்வி மட்டும் என்னை விடாமல் துரத்துகிறது. "எந்த ஊரில் வெயில் அதிகம்?" என்று கேட்பவர்கள் ஓர் எண்ணை எதிர்பார்க்கிறார்கள். நான் எண் சொல்வதில்லை. அந்த ஊரில் மண்பானைத் தண்ணீர் எவ்வளவு குளிர்கிறது, ராத்திரி மின்விசிறியின் கீழ் எத்தனை மணிக்குத் தூக்கம் வருகிறது என்று திருப்பிக் கேட்கிறேன். கேட்டவர்கள் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையே கரைக்கும் உள்நாட்டுக்கும் ஒரே அளவுகோலை வைப்பதில்லை. வெப்ப அலை என்று அறிவிக்க, சமவெளி ஊரில் உச்ச வெப்பநிலை குறைந்தது 40 டிகிரியைத் தொட வேண்டும். கடலோர ஊருக்கு 37 போதும். இரண்டிலும் வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மூன்று டிகிரிச் சலுகை எதற்கு என்று முதலில் புரியவில்லை. கடற்கரைக்காரர்கள் சொகுசு கண்டவர்கள், சீக்கிரம் வாடிவிடுவார்கள் என்ற எண்ணமோ என்றுகூட நினைத்தேன். காரணம் வேறு. அதைப் பானைதான் எனக்குக் காட்டிக்கொடுத்தது.

வேலூர் வீட்டில் தாழ்வாரத்து மூலையில், ஈர மணல் மேட்டின் மேல் ஒரு பானை இருக்கும். கழுத்தில் ஈரத்துணி சுற்றியிருக்கும். மே மாதத்தில் அதிலிருந்து ஒரு சொம்பு மொண்டு குடித்தால் பல் கூசும். அந்தப் பானையின் அருமை பார்த்து, அடுத்த முறை ஊருக்குப் போனபோது அதே மாதிரி ஒன்றை அப்பாவுக்கு வாங்கிக்கொண்டு போனேன். ரயிலில் மடியில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டு போனதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. நாகையில் அந்தப் பானை வேலையே செய்யவில்லை. தண்ணீர் கொஞ்சம் தணிந்திருந்தது, அவ்வளவுதான். அப்பா இரண்டு நாள் குடித்துப் பார்த்துவிட்டு, "குழாய்த் தண்ணீருக்கு மண் வாசனை வந்திருக்கிறது" என்று பட்டம் கொடுத்தார். பானை ஓட்டை என்று அம்மா, வாங்கத் தெரியாதவள் என்று தம்பி.

பானையில் குறையில்லை. அதன் மேனியில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளேயிருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஆவியாக வேண்டுமென்றால் காற்றில் இடம் வேண்டும். வேலூரின் வறண்ட காற்று எவ்வளவு கொடுத்தாலும் குடிக்கும். நாகையின் காற்று ஏற்கெனவே கடலைக் குடித்துவிட்டு வயிறு நிறைந்து நிற்கிறது. நம் உடம்பும் பானைதான். வியர்வை சுரப்பதால் நாம் குளிர்வதில்லை. வியர்வை காய்வதால்தான் குளிர்கிறோம். நாகையில் 36 டிகிரியில் முதுகோடு ரவிக்கை ஒட்டிக்கொண்டு கிடப்பதும், வேலூரில் 40 டிகிரியில் நிழலில் உட்கார்ந்தால் சமாளித்துவிட முடிவதும் இதனால்தான்.

இதை எண்ணாகப் பார்க்கும் வாய்ப்பு 2022 கோடையில் கிடைத்தது. டெல்லியில் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகனின் பள்ளிச் செயல்திட்டத்துக்கு இரண்டு வெப்பமானிகள் வாங்கினோம். ஒன்றின் குமிழில் ஈரத் துணித்திரியைச் சுற்றி விசிறியால் வீச வேண்டும். மற்றொன்றை அப்படியே விட வேண்டும். ஈரமான வெப்பமானி இறங்கி நிற்கும் இடத்துக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். வியர்வை நம்மை எவ்வளவு தூரம் இறக்கிவிட முடியும் என்பதற்கு அதுதான் எல்லை. மே நடுவில் டெல்லி வராந்தா நிழலில் ஒரு மத்தியானம் வறண்டது 42, ஈரமானது 22. விடுமுறைக்கு வேலூர் வந்ததும் பையன் தாழ்வாரத்தில் வைத்துப் பார்த்தான்: 40, 26. ஜூன் முதல் வாரம் நாகையில், கடல் காற்று வந்த பிறகு: 35, 29.

வறண்ட எண்ணைப் பார்த்தால் டெல்லிதான் நரகம், நாகை சொர்க்கம். ஈர எண் வரிசையைத் தலைகீழாகப் புரட்டிவிடுகிறது. அந்த எண் 35-ஐத் தொட்டால் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் திடமான மனிதருக்கும் உடம்பு குளிர வழியில்லை என்கிறார்கள். அதற்கு வெகுமுன்பே வேலை செய்கிறவர்கள் சுருண்டுவிடுவார்கள். 29 என்பது உப்பளத்தில் வாருகிறவருக்கும், மீன் ஏலக் கூடத்தில் பெட்டி தூக்குகிறவருக்கும் விளையாட்டல்ல. கடலோரத்துக்கு வைத்த அந்த 37-க்கு அர்த்தம் எனக்கு அப்போதுதான் பிடிபட்டது.

இதற்காகக் கடலைத் திட்டவும் மனம் வரவில்லை. அது கொடுத்த கொடை பெரிது. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பம், ஒரு கிலோ காய்ந்த மண்ணுக்குத் தேவைப்படுவதைப் போல நான்கைந்து மடங்கு. அதோடு கடல் தனக்குள் கலந்துகொண்டே இருக்கிறது. வெயில் நீருக்குள் வெகு ஆழம் இறங்குகிறது. மண் அப்படியில்லை. உச்சிவேளையில் நாகைக் கடற்கரை மணலில் காலை வைத்தால் கொப்பளித்துவிடும், ஆனால் சின்ன வயதில் நாங்கள் அங்கேயே ஒரு முழம் தோண்டிக் குளிர்ந்த மணலில் பாதத்தைப் புதைத்துக்கொள்வோம். அவ்வளவு வெயிலும் மேல் தோலில்தான் தங்குகிறது. அதனால் நிலம் பகலில் வேகமாகக் கொதித்து, ராத்திரியில் அதே வேகத்தில் ஆறுகிறது. எங்கள் கரையோரக் கடல்நீரின் மேல்மட்டம் வருடம் முழுவதும் ஏறத்தாழ 26 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் நடுவேதான் அசைகிறது. அதன் பக்கத்தில் குடியிருப்பவனுக்குக் குளிரும் தெரியாது, கொடும் வெயிலும் அபூர்வம்.

பொங்கலுக்குப் புது மருமகளாகப் போனபோதுதான் இந்தக் கணக்கின் மறுபக்கம் தெரிந்தது. நாகையில் தை மாத விடியல் 23 டிகிரியில் இருக்கும், மத்தியானம் 28. ஒரு மெல்லிய போர்வை போதும். வேலூரில் விடியல் 18-க்கு வந்து, மத்தியானம் 29-க்கு ஏறும். போகி நெருப்பருகே எல்லோரும் சால்வையோடு நிற்க, நான் பல் தந்தியடிக்கப் பருத்திச் சேலையில் நின்றேன். "நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை" என்று வேலூரைப் பற்றி ஊர்க்காரர்களே சொல்லிக்கொள்ளும் கேலி ஒன்று உண்டு. வெறும் கேலியல்ல அது, வெப்பநிலைக்கான விளக்கமும்கூட. பாலாற்றில் நீர் ஓடினால், மலையில் இலை இருந்தால், வெயிலில் ஒரு பங்கு ஆவியாக்கும் வேலைக்குச் செலவாகியிருக்கும். இரண்டும் இல்லாததால் மொத்தமும் பாறைக்கும் மண்ணுக்கும் போகிறது.

வேலூரில் மாமியாரிடம் கற்ற ஒழுங்கு இது. காலை எட்டரைக்குள் எல்லாச் சன்னலையும் சாத்தித் திரை இழுத்துவிட வேண்டும். மாலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில் நான்கு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். மூன்று மணிக்கே ஊற்றினால் அரைமணியில் காய்ந்து, தளம் மறுபடி சுட ஆரம்பித்துவிடும். ஏழரைக்கு மேல், வெளிக்காற்று உள்காற்றைவிடத் தணிந்துவிட்டது என்று வாசலில் நின்று கன்னத்தால் அறிந்த பிறகு, எல்லாவற்றையும் திறக்க வேண்டும். பங்குனியிலேயே மாடித் தளத்துக்குச் சுண்ணாம்பு அடித்துவிட வேண்டும். நாகையில் இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தால் அவிந்துபோவோம். அங்கே சன்னலைச் சாத்தக் கூடாது, காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அம்மா வேலூர் வந்தால் சன்னலைத் திறப்பார், மாமியார் நாகை வந்தால் சாத்துவார். இருவரும் அவரவர் ஊரில் சரி.

சமையலறையிலும் இதே கதைதான். நாகையில் உப்பு ஜாடி ஆடியில்கூட கசிந்து நிற்கும், பொரித்த அப்பளம் பத்து நிமிடத்தில் நமுத்துவிடும், தீப்பெட்டியை அடுப்பருகே வைக்க வேண்டும், பீரோவின் கால் துருப்பிடிக்கும். கூழ்வடகம் காய மூன்று நாள். வேலூரில் ஒன்றரை நாளில் கலகலவென்று ஓசை வரும். ஆனால் மாவு விஷயத்தில் நாகைக்குத்தான் முதலிடம்: வருடம் முழுவதும் ஒரே நேரக் கணக்கில் இட்லி மாவு பொங்கும். சூட்டில் ஏற்ற இறக்கம் குறைவு என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்குத் தெரியாது.

டெல்லிக்குப் போனபோது வேலூர் படித்துவிட்ட பெருமையில் இருந்தேன். அந்தப் பெருமை முதல் ஜூன் மாதத்திலேயே கவிழ்ந்தது. கடைத்தெருவுக்குப் போய்வர ஒன்றரை மணி நேரம். வியர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து படியேறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன். பார்த்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தீர்கள் என்பது. காலை ஆறு மணிக்கு. அப்போது மணி மாலை நான்கு. வியர்வை சுரந்தபடிதான் இருந்திருக்கிறது. லூ என்று அவர்கள் சொல்லும், மேற்கிலிருந்து அடிக்கும் அந்த மேல்காற்று, தோலில் நிற்கவிடாமல் உறிஞ்சியிருக்கிறது. ரவிக்கையின் முதுகில் வெள்ளையாக உப்புக் கோடு படிந்திருந்ததை ராத்திரிதான் கவனித்தேன். கடற்கரைக்காரர்கள் தாகத்தையும் வியர்வையையும் பார்த்துத் தண்ணீர் குடிப்பவர்கள். வறண்ட ஊரில் அந்த இரண்டு அடையாளமும் பொய் சொல்லும். சிறுநீரின் நிறம் பொய் சொல்வதில்லை. அன்றிலிருந்து கைப்பையில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்று கலந்த பாட்டில் இல்லாமல் கிளம்பியதில்லை. வீட்டில் உப்புப் போட்ட நீர்மோர்.

இன்னொன்றும் டெல்லியில்தான் கற்றேன். காற்றே 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் மின்விசிறி நமக்கு நண்பனில்லை. உடம்பைவிடச் சூடான காற்றை உடம்பின் மேல் வீசுகிறது. உலக சுகாதார நிறுவனமும் 40-க்கு மேல் விசிறியை நம்பாதீர்கள் என்றுதான் சொல்கிறது. அங்கே கைகொடுத்தது சன்னலில் பொருத்தும் கூலர். மரச்சீவல் மெத்தையில் தண்ணீர் சொட்ட, அதன் வழியாகக் காற்றை இழுக்கும் பெரிய தகரப் பெட்டி. அதுவும் பானையின் வம்சம்தான். மே மாதத்தில் அறையை இருபத்தாறு, இருபத்தேழுக்கு இறக்கியது. எதிர்ப்பக்கம் ஒரு சன்னலைத் திறந்துவைக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஜூலையில் மழைக்காற்று வந்ததும் அதே பெட்டி அறையைக் குளியலறை ஆக்கிவிட்டது. சென்னைக்கு வரும்போது அதைக் கையோடு கொண்டுவரக் கணவர் ஆசைப்பட்டார். நாகைக்குப் போன பானையின் கதையைச் சொல்லித் தடுத்தேன். கரையோரத்தில் ஏ.சி. என்னும் அறைக் குளிரூட்டிக்கு மாற்றில்லை. அதிலும் வெப்பநிலையை இறக்கிக்கொண்டே போகாமல், ஈரத்தை மட்டும் வடிக்கும் நிலையில் ஓட்டிக்கொண்டு விசிறியையும் சுழலவிட்டால் பாதி நாட்கள் போதுமானது. வெளிப்பெட்டியை உப்புக்காற்று அரிக்கும் என்பதால் கரையோர வீட்டில் அதை அடிக்கடி நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும்.

டெல்லிக் குளிரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஒன்று மட்டும் சொல்கிறேன். 2019 டிசம்பர் 30 அன்று அங்குள்ள சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பகல் உச்சமே 9.4 டிகிரிதான் பதிவானது. கடும் மூடுபனி, சூரியன் இருந்த திசையே தெரியவில்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பது நாகையில் தெரியாத விஷயம். அங்கே கத்தியால் வெட்டி எடுத்தோம். இட்லி மாவு இரண்டு நாளாகியும் அசையவில்லை. பக்கத்து வீட்டு மலையாளி அக்காதான், பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, கொதிநீர் பாட்டிலோடு அட்டைப்பெட்டிக்குள் வைக்கச் சொல்லிக்கொடுத்தார். அதே டெல்லியில்தான் 2022 மே 15 அன்று முங்கேஷ்பூர் தானியங்கி நிலையம் 49.2 காட்டியது. சப்தர்ஜங்கின் பழைய ஏடுகளில் 1935 ஜனவரி 16-க்கு மைனஸ் 0.6-ம், 1944 மே 29-க்கு 47.2-ம் இருக்கின்றன. சென்னை நுங்கம்பாக்கம் 2003 மே 31 அன்று 45 டிகிரியைத் தொட்டது. உச்சத்தில் இரண்டு ஊருக்கும் அப்படியொன்றும் தூரமில்லை. ஆனால் சென்னையில் பூஜ்யத்தைக் கனவிலும் காண முடியாது. கடலின் கை அதிகம் படிந்திருப்பது குளிரின் பக்கத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எண்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதே முங்கேஷ்பூர் நிலையம் 2024 மே மாதம் 52.9 என்று காட்டி நாட்டையே பதறவைத்தது. சோதித்ததில் உணரி மூன்று டிகிரி கூட்டிக் காட்டியது தெரிந்தது. வெயிலில் நின்ற காரின் திரை காட்டும் 48-ஐப் படமெடுத்து அனுப்பும் உறவினர்களுக்கு நான் பதில் போடுவதில்லை.

சென்னை, கடற்கரை ஊரா என்பதே எனக்குச் சந்தேகம். மே, ஜூனில் இங்கே ஒவ்வொரு நாளும் ஒரு மல்யுத்தம். மேற்கே நிலம் சூடேறிக் காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடல் காற்று உள்ளே வரப் பார்க்கும்; எதிரே மேல்காற்று தள்ளும். கடல் காற்று பதினொன்றரைக்கு ஜெயித்தால் அன்று 36-ல் முடியும். மூன்று மணி வரை ஜெயிக்காவிட்டால் 41. வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகி வடக்கே நகர்ந்தால், மழை வரும் என்று நம்பி வெளியே துணி காயப்போடாமல் இருப்போம். அதுவோ மேற்கிலிருந்து வறண்ட காற்றை இழுத்து, கடல் காற்றை வாசலிலேயே நிறுத்திவிடும். தமிழில் மேல்காற்றுக்குக் கோடை என்றே பெயர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல், வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல். பருவத்துக்கும் காற்றுக்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள் மொட்டை மாடியில் படுத்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

அக்னி நட்சத்திரம் முடிந்தால் வெயில் முடிந்தது என்று நாட்காட்டியை நம்புவதும் எல்லா ஊருக்கும் பொருந்தாது. ஈரோடு, சேலம் பக்கம் ஏப்ரலிலேயே உச்சம் வந்துவிடும். மே கடைசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று நுழைந்ததும் கோயம்புத்தூர்க்காரர்கள் சால்வை தேடுவார்கள். அதே காற்று மலையில் மழையை இறக்கிவிட்டு வறண்டு, தமிழ்நாட்டின் குறுக்கே சூடேறிக்கொண்டே வந்து எங்கள் கிழக்குக் கரையில் ஜூன் முழுவதும் அடிக்கும். கல்யாணம், காதுகுத்துக்கு மண்டபம் பார்க்கிறவர்கள் நாகையில் ஜூனைத் தவிர்ப்பது நல்லது. மேற்கு மாவட்டங்களில் ஜூன் நல்ல மாதம்.

சென்னையில் வாடகை வீடு தேடியபோது இந்த அனுபவமெல்லாம் பயன்பட்டது. தரகர் கார் நிறுத்தும் இடத்தையும் அலமாரியையும் காட்டிக்கொண்டிருந்தார். நான் கிழக்கே எந்தக் கட்டடம் மறைக்கிறது, மேல்தளமா நடுத்தளமா, மேற்குச் சுவரில் படுக்கையறை இருக்கிறதா என்று பார்த்தேன். கடலிலிருந்து மூன்று கிலோமீட்டரில் இருக்கும் வீட்டுக்குக் காற்று ஒரு மணிக்கு வந்தால், பதினைந்து கிலோமீட்டரில் இருப்பதற்கு இன்னும் தாமதமாகும். அந்தத் தாமதத்தில் உச்சம் ஏறிவிடும். கடலிலிருந்து தள்ளியிருக்கும் மீனம்பாக்கம் வானிலை நிலையத்தின் எண் கோடையில் பெரும்பாலும் நுங்கம்பாக்கத்தைத் தாண்டி நிற்பதற்கும் இதில் பங்கு இருக்கிறது. வாடகை இரண்டாயிரம் கூட என்றாலும் கிழக்கே திறந்த இரண்டாம் தளத்தை எடுத்தோம். மகன் கேலி செய்வான்: அம்மா தினமும் ஒரு மணிக்கு எதிர் வீட்டுக் கொடியில் துணி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள் என்று. உண்மைதான்.

போன மே மாதம் மாமியார் தொலைபேசியில் அழைத்தார். "இங்கே 41. உங்கள் ஊரில்?"

"37, அத்தை."

"கொடுத்து வைத்தவள் நீ."

"பானைத் தண்ணீர் எப்படி இருக்கிறது?"

"அதற்கென்ன, ஐஸ் மாதிரி இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் மாடியில் நன்றாகத் தூங்குகிறோம். உனக்கும் ஒரு பானை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை வருகிறவனிடம் கொடுத்து அனுப்பட்டுமா?"

"அனுப்புங்கள் அத்தை. கூடவே கொஞ்சம் வேலூர்க் காற்றையும் மூட்டை கட்டி அனுப்புங்கள்" என்றேன். சிரித்துக்கொண்டே, தாழ்வாரத்துப் பானைக்குத் துணி நனைக்கப் போய்விட்டார்.